படம் திருத்த எந்த மென்பொருள்? தோட்டப்புறத்துப் புதிய புகைப்படக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கேமரா வாங்கும் இளையோர் கூடிக்கொண்டே போகிறார்கள். எஸ்பிஎம் தேர்வு முடித்து முதல் சம்பளத்தில் பழைய கேமரா ஒன்றை வாங்கியவர்கள், அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கியதை இப்போது தாங்கள் பிடித்துக்கொண்டவர்கள், நல்ல கைப்பேசியை மட்டும் வைத்துக்கொண்டு கோயில் திருவிழா முழுவதையும் எடுத்துவிடுபவர்கள் எனப் பல ரகம். அவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, எடிட் பண்ண எந்த சாஃப்ட்வேர் போடலாம்?"

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் ஈப்போவில் ஸ்டூடியோ வைத்திருப்பவருக்குப் பொருந்துவது, லயத்து வீட்டில் பழைய மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் தம்பிக்குப் பொருந்தாது. நீங்கள் எடுக்கும் படங்கள், உங்களிடம் இருக்கும் கணினி, மாதாமாதம் கட்டும் பணம் நின்றுபோனால் உங்கள் வேலை என்ன ஆகும் என்ற கேள்வி, இந்த மூன்றையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த வரிசையிலேயே போவோம்.

முதல் படி: தொல்லை கொடுத்த பத்துப் படங்கள்

மென்பொருள் தேடுவதற்கு முன்னால் உங்கள் படங்களில் பத்தை எடுத்துத் தனி ஃபோல்டரில் போடுங்கள். நன்றாக வந்தவை வேண்டாம். எங்கோ சரியில்லை என்று உங்களுக்கே தோன்றிய படங்களாக எடுங்கள். எந்த மென்பொருளைச் சோதித்தாலும் இந்தப் பத்தை வைத்தே சோதிக்க வேண்டும். இணையத்தில் காட்டப்படும் மாதிரிப் படங்கள் எதில் திறந்தாலும் அழகாகத்தான் இருக்கும். அவற்றால் உங்களுக்குப் பயனில்லை.

நம் ஊர்ப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்கள் சில உண்டு. உங்கள் பத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்.

செம்பனை மரத்தடியில் எடுத்த முகம். ஓலைகளுக்கு நடுவே வடிந்து வரும் வெளிச்சமும் கீழே புல்லில் பட்டு எழும்பும் வெளிச்சமும் பச்சை கலந்தவை. அது கன்னத்திலும் தாடைக்குக் கீழும் ஒட்டிக்கொள்ளும். நேரில் பார்க்கும்போது நம் கண் அதைத் தானே சரி செய்துகொள்கிறது. கேமரா அப்படிச் செய்வதில்லை. வெளிச்சத்தின் நிறத்தைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸ் பகுதியில் டின்ட் என்ற கட்டுப்பாட்டை மெஜந்தா பக்கம் நகர்த்தினால் முகம் சரியாகிவிடும், ஆனால் பின்னால் இருக்கும் ஓலையெல்லாம் சாம்பல் தட்டிப்போகும். அப்படியானால் முகத்தை மட்டும் தொட்டுத் திருத்தும் வசதி வேண்டும். அதற்கு மாஸ்க் என்று பெயர். மாஸ்க் இல்லாத மென்பொருள் தோட்டப்புறத்துப் படங்களுக்குப் போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

கோயில் படம். குங்குமம், அரக்குச் சிவப்புச் சேலை, மஞ்சள் பூசிய முகம், காவடியில் மயிலிறகு. டிஜிட்டல் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று தடங்கள் தனித்தனியாகப் பதிவாகின்றன. குங்குமம் போன்ற அடர்சிவப்பில் சிவப்புத் தடம் மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும். மொத்தத்தில் படம் அளவான வெளிச்சத்தோடுதான் தெரியும். ஆனால் சேலையின் மடிப்பும் நெசவும் காணாமல் போய், சிவப்பு வண்ணத்தை வழித்து அப்பியது போல இருக்கும். இதைக் கவனிக்க, மூன்று தடங்களையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடம் வேண்டும். சரி செய்ய, ஒவ்வொரு நிறத்தையும் தனியாகக் குறைக்கவும் கூட்டவும் முடிகிற எச்எஸ்எல் கருவி வேண்டும். கேமராவில் 'விவிட்' என்ற அமைப்பை வைத்து எடுத்திருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும்.

தேவான் எனும் பொது மண்டபத்திலோ திருமண மண்டபத்திலோ எடுத்தது. மேடையில் ஊதா, இளஞ்சிவப்பு எல்இடி விளக்கு, கூரையில் வெள்ளைக் குழல்விளக்கு, வீடியோக்காரர் பிடித்திருக்கும் இன்னொரு விளக்கு. மூன்று நிற வெளிச்சம் ஒரே முகத்தில். இதில் ஓரளவுக்கு மேல் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஊதா விளக்கு மட்டும் பட்ட முகத்தில் பச்சைத் தடத்தில் கிட்டத்தட்ட பதிவே இருக்காது. இல்லாத தகவலை எப்படி மீட்பது? அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், பல பிழைத்துக்கொள்ளும். ஆகவே கறுப்பு வெள்ளைக்கு மாற்றும் கருவி எவ்வளவு நுணுக்கமானது என்பதையும் சோதித்து வையுங்கள்.

விடியற்காலை ரப்பர் தோட்டத்தில் எடுத்தது. பால் வெட்டப் போகிறவரின் தலைவிளக்கைத் தவிர வெளிச்சமே இல்லாதபோது கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றித்தான் எடுத்திருப்பீர்கள். படம் முழுவதும் மணல் தூவியது போலப் புள்ளிகள் இருக்கும். இந்தப் புள்ளிகளுக்கு நாய்ஸ் என்று பெயர். நாய்ஸ் குறைக்கும் கருவிக்கு இதுவே தேர்வு.

மதிய வெயிலில் வானம் வெளுத்து முகம் இருண்டது, அகல லென்ஸில் ஓரத்தில் நிற்பவர் பருத்துத் தெரியும் குழுப்படம், இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீதியை உங்கள் விருப்பம் போல நிரப்பலாம்.

தோலின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஒரே சொடுக்கில் படத்தை மாற்றும் ப்ரீசெட்டுகள் விற்பனைக்கும் இலவசமாகவும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல வெளிர்நிறத் தோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் மக்களின் முகத்தில் போட்டால் ஒன்று ஆரஞ்சு பூசும், இல்லாவிட்டால் சாம்பல் பூசும். கைப்பேசியில் வரும் 'அழகூட்டும்' வசதிகளோ கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கி, தோலின் இழையையும் வழித்தெடுத்துவிடும்.

நாற்பது வருடம் வெயிலில் வேலை பார்த்த ஒரு பாட்டியின் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்தால், அது அந்தப் பாட்டியின் படமே இல்லை. பேரப்பிள்ளைகள் நாளைக்கு அதைப் பார்க்கப் போகிறார்கள். ஆகவே தேர்ந்தெடுக்கும் மென்பொருளில் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று நிறங்களின் வெளிச்சத்தையும் அடர்த்தியையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த முடிகிறதா என்று பாருங்கள். மாநிறமோ கறுப்போ, தோலின் நிறம் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்தான் அடங்கும். முகம் இருண்டு தெரிந்தால் அந்தப் பகுதியின் மொத்த வெளிச்சத்தை, அதாவது எக்ஸ்போஷரை, மாஸ்க் போட்டு அளவாக ஏற்றுங்கள். ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தை (லூமினன்ஸ்) ஏற்றி வெளுப்பாக்குவதைத் தவிருங்கள். தோல் சுண்ணாம்பு பூசியது போல ஆகிவிடும்.

இரண்டாம் படி: கணினியைப் பாருங்கள்

ரேம் 8 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் பெரிய மென்பொருள் எதையும் போட வேண்டாம். அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் கிளாசிக் என்ற படம் திருத்தும் மென்பொருள் கேட்கும் குறைந்தபட்ச அளவே 8 ஜிபிதான். 16 இருந்தால்தான் நிம்மதியாக வேலை செய்யலாம். பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் புது மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன் அந்தப் பணத்தில் ரேமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் வித்தியாசம் உடனே தெரியும்.

திரையையும் பாருங்கள். தலையைக் கொஞ்சம் மேலே கீழே அசைக்கும்போது நிறம் மாறுகிறது என்றால் அது மலிவு விலை டிஎன் திரை. அதில் தோலின் நிறத்தைச் சரி பார்ப்பது நம்பகமானதல்ல. ஐபிஎஸ் திரை எவ்வளவோ மேல். விண்டோஸில் இரவு நேரத்தில் திரையை மஞ்சளாக்கும் வசதி ஒன்று உண்டு. படம் திருத்தும்போது அதை அணைத்து வையுங்கள். திரையின் வெளிச்சத்தையும் முழுதாக ஏற்றி வைக்காதீர்கள். அதிக வெளிச்சமான திரையில் சரியாகத் தெரியும் படம் அச்சில் இருண்டு வரும்.

இணையத்தைப் பற்றியும் யோசியுங்கள். பட்டணத்தில் ஃபைபர் இருக்கலாம். தோட்டத்துக்குள் கைப்பேசி அலையை நம்பித்தான் பலர் இருக்கிறார்கள். சில மென்பொருள்கள் மூலப் படங்களையே இணையத்தில் உள்ள மேகச் சேமிப்புக்கு ஏற்றுகின்றன. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில் 600 படம் எடுத்தீர்கள், ஒவ்வொன்றும் 28 எம்பி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 17 ஜிபி அளவு வரும். நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் அதை அனுப்ப கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் பிடிக்கும். ஆகவே தோட்டத்தில் இருப்பவர்களுக்கு, படங்களைக் கணினியிலேயே வைத்து வேலை செய்யும் மென்பொருள்தான் ஏற்றது.

மூன்றாம் படி: ராவா, ஜேபெக்கா?

ஜேபெக் என்பது கேமரா தானே சமைத்துக் கொடுக்கும் படம். ஒவ்வொரு நிறத் தடத்திலும் 256 படிநிலைகள்தான் இருக்கும். ரா கோப்பு சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும். 12 பிட் என்றால் 4,096 படிநிலைகள், 14 பிட் என்றால் 16,384. மேலே சொன்ன பச்சை முகத்தையும் இருண்ட முகத்தையும் திருத்தும்போது இந்தக் கூடுதல் தகவல்தான் கைகொடுக்கும். கோயில், கல்யாணம் எடுக்கிறீர்கள் என்றால் ராவில் எடுங்கள். பள்ளி விளையாட்டுப் போட்டியை எடுத்து அன்று மாலையே ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும் என்றால் ஜேபெக் போதும். இரண்டையும் சேர்த்துப் பதியும் அமைப்பு பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது, ஆரம்பத்தில் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: உங்கள் கேமராவின் ரா கோப்பை அந்த மென்பொருள் திறக்கிறதா? கேனன் 2018ல் எம்50 கேமராவோடு சிஆர்3 என்ற புது வடிவத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய மென்பொருள் பதிப்புகளில் அது திறக்காது. நிறுவும் முன் அந்த மென்பொருளின் தளத்தில் கேமராப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். திறக்காவிட்டால் அடோபியின் டிஎன்ஜி கன்வர்ட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. ரா கோப்பை அதில் டிஎன்ஜி என்ற பொது ரா வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் பல பழைய மென்பொருள்களிலும் திறக்கலாம்.

நான்காம் படி: பணம்

மாதச் சந்தாவைப் பார்க்கும்போது தொகை சின்னதாகத் தெரியும். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள், பிறகு மூன்றால் பெருக்குங்கள். மூன்று வருடத்தில் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) போகும் என்று தெரிந்துவிடும். மலேசியாவில் வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் சேவை வரி உண்டு. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. காட்டப்படும் விலையில் அந்த வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். 'ஆண்டு ஒப்பந்தம், மாதக் கட்டணம்' என்ற முறையில் சேர்ந்துவிட்டு நடுவில் நிறுத்தினால் தண்டம் கட்ட வேண்டிவரும். அடோபியில் இந்த முறை உண்டு. சேரும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வரும்படி நிலையாக இல்லாதவர்கள், ஒவ்வொரு மாதமும் தனித்தனியாகக் கட்டும் முறை இருந்தால், விலை சற்று அதிகமானாலும் அதில் சேர்வது பாதுகாப்பு.

கிராக் செய்த பிரதியைப் போட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வேண்டாம். வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டுத்தான் பெரும்பாலும் அதை நிறுவ முடியும். அதே கணினியில்தான் உங்கள் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள், வாடிக்கையாளரின் குடும்பப் படங்களையும் வைத்திருக்கிறீர்கள். நல்ல இலவச மென்பொருள்கள் இவ்வளவு இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

ஐந்தாம் படி: யார் யார் களத்தில்

கைப்பேசியில் மட்டும் எடுப்பவர்களுக்கு ஸ்னாப்சீட். நிக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் உருவாக்கியது. 2012ல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. முற்றிலும் இலவசம், விளம்பரமும் இல்லை. தொட்ட இடத்தை மட்டும் திருத்தும் வசதியும் உண்டு. கைப்பேசி லைட்ரூமை இலவசமாகவும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாஸ்க் போன்றவை சந்தா கட்டினால்தான் திறக்கும். ஒயிட் பேலன்ஸ் என்றால் என்ன, ஹைலைட் என்றால் என்ன என்று கைபழக ஸ்னாப்சீட் தாராளம்.

கேமரா வைத்திருக்கும் பலருக்குத் தெரியாத ஒன்று, தயாரிப்பாளரே மென்பொருளை இலவசமாகத் தருகிறார் என்பது. கேனனுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ ப்ரொஃபெஷனல், நிக்கானுக்கு 2021ல் வந்த என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ், ஃபுஜிக்கு எக்ஸ் ரா ஸ்டூடியோ. கேமராவில் பார்த்த அதே நிறம் இவற்றில் அப்படியே கிடைக்கும், அது பெரிய நன்மை. ஃபுஜியின் முறை வித்தியாசமானது: கேமராவை யுஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைத்தால் கேமராவின் செயலியே படத்தை உருவாக்கித் தரும், அதனால் பழைய கணினியிலும் ஓடும். நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோவில் புள்ளி வைத்து ஓரிடத்தை மட்டும் திருத்தும் வசதி இருக்கிறது. பைசா செலவில்லாமல் ரா கோப்பைத் திருத்தத் தொடங்க இவைதான் முதல் வாசல். படங்கள் ஆயிரக்கணக்கில் சேரும்போது நிர்வகிப்பது சிரமமாகும், அப்போது அடுத்ததைப் பார்க்கலாம்.

டார்க்டேபிள். 2009ல் தொடங்கிய திறமூல மென்பொருள், அதாவது அதன் நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஒரு காசு வேண்டாம். மாஸ்க் வசதி மிக வலிமையானது: நிறத்தை வைத்தும் வெளிச்சத்தை வைத்தும் பகுதியைப் பிரிக்கலாம், கையாலும் வரையலாம். செம்பனைப் பச்சை முகத்துக்கு இதில் அருமையான தீர்வு உண்டு. ஆனால் திறந்தவுடன் கருவிகளின் பட்டியலைப் பார்த்து மிரண்டுபோய் அன்றே மூடிவிடுபவர்கள் அதிகம். மிரள வேண்டாம். எக்ஸ்போஷர், கலர் கேலிப்ரேஷன், சிக்மாய்ட், க்ராப், டீநாய்ஸ், கலர் பேலன்ஸ் ஆகிய ஆறை மட்டும் முதல் மாதம் தொடுங்கள். மற்றவை இருப்பதையே மறந்துவிடலாம். பொறுமை உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ராதெரபி. இதுவும் இலவசம், திறமூலம். படத்தின் நுண்ணிய விவரங்களை எடுத்துக் காட்டுவதில் கெட்டிக்காரன். பகுதி பகுதியாகத் திருத்தும் வசதி 5.9 பதிப்பில்தான் வந்தது. ஆகவே பழைய பதிப்பைப் போடாதீர்கள்.

லைட்ரூம் கிளாசிக். லைட்ரூம் 2007ல் வந்தது. 2017ல் அடோபி அதை இரண்டாகப் பிரித்தது. கணினியில் படங்களை வைத்து வேலை செய்வது கிளாசிக், மேகச் சேமிப்பை மையமாகக் கொண்டது வெறும் 'லைட்ரூம்'. பெயர்க் குழப்பத்தால் தவறானதை நிறுவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ளச் சுலபம், ஆயிரம் படங்களை விறுவிறுவென்று தரம் பிரிக்கலாம், முகத்தையும் வானத்தையும் தானே அடையாளம் கண்டு மாஸ்க் போடும். 2023ல் வந்த டீநாய்ஸ் வசதி விடியற்காலைப் படங்களுக்கு வரப்பிரசாதம், ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ஒரு படத்துக்கே பல நிமிடம் எடுக்கும். கல்யாணம் எடுத்துச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டால் இதற்குப் பணம் கட்டுவது நியாயமான செலவு. அதற்கு முன்னால் அவசியமில்லை.

அஃபினிட்டி. 2024ல் இணைய வடிவமைப்புச் சேவையான கேன்வா நிறுவனம் இதை வாங்கியது. 2025 அக்டோபர் இறுதியில் இலவசமாக்கியது. கேன்வா கணக்கு ஒன்று இருந்தால் போதும். செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் சந்தா. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் லேயர் போட்டு வேலை செய்ய, திருமண அழைப்பிதழுக்குப் படம் தயாரிக்க, பின்னணியை மாற்ற இது ஏற்றது. படங்களை வரிசைப்படுத்தி நிர்வகிக்கும் வசதி இதில் இல்லை. 1996ல் முதன்முதலாக வெளிவந்து, 2025 மார்ச்சில் 3.0 பதிப்பைக் கண்ட கிம்ப் என்ற இலவச மென்பொருளும் இந்த வகைதான். ரா கோப்பைக் கிம்ப் தானாகத் திறக்காது. டார்க்டேபிளோ ராதெரபியோ உடன் இருக்க வேண்டும்.

ஃபோட்டோஷாப்பைத் தனியாகச் சொல்லவில்லையே என்று கேட்கலாம். புதியவர் தொடங்க வேண்டிய இடம் அது இல்லை. அதன் தேவை உங்களுக்கு வரும்போது உங்களுக்கே தெரியும்.

ஆறாம் படி: இரண்டை மட்டும் ஒரு வாரம்

மேலே உள்ளவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். நான்கைந்தைப் போட்டால் எதுவும் கைவராது. முதலில் எடுத்து வைத்த பத்துப் படங்களையும் இரண்டிலும் திருத்துங்கள். ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, கணினி எங்கே திணறுகிறது, சிவப்புச் சேலையின் மடிப்பு எதில் திரும்பி வந்தது, முகம் எதில் இயல்பாக இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

திருத்திய பத்தையும் இரண்டு விதமாகவும் பட்டணத்தில் உள்ள படக்கடையில் 4ஆர் (6க்கு 4 அங்குலம்) அளவில் அச்சடித்து வாங்குங்கள். அந்த இருபது படங்களை வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில் பரப்பி வைத்து அம்மாவையோ பாட்டியையோ கூப்பிடுங்கள். எதில் இருக்கும் முகம் அந்த ஆளைப் போலவே இருக்கிறது என்று கேளுங்கள். அவர்களுக்கு ஹிஸ்டோகிராம் தெரியாது, ஆனால் பக்கத்து வீட்டு அக்காவின் நிறம் என்ன என்று நன்றாகத் தெரியும். அந்தத் தீர்ப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

முடிவு செய்ததும் மற்றதை நீக்கிவிட்டு, குறைந்தது ஆறு மாதம் ஒன்றிலேயே இருங்கள். வாரத்துக்கொரு மென்பொருள் மாற்றுபவர்களுக்கு எதுவும் கைகூடுவதில்லை.

ஏழாம் படி: கோப்பு ஒழுங்கு

மேலே சொன்ன ரா மென்பொருள்கள் மூலப் படத்தைத் தொடாது. நீங்கள் செய்த மாற்றங்களை ஒரு குறிப்பு வடிவில் வைத்துக்கொள்ளும். டார்க்டேபிள் அந்தக் குறிப்பைப் படத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சிறு கோப்பாக எழுதும். லைட்ரூம் கிளாசிக் கேட்டலாக் என்ற ஒரே கோப்பில் வைத்திருக்கும். எக்ஸ்எம்பியாகவும் எழுதச் சொல்லி அமைப்பில் ஒரு தேர்வு இருக்கிறது, முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள். எக்ஸ்எம்பி கோப்புகளைத் தேவையில்லாதவை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அழித்தால் செய்த வேலை போய்விடும் அபாயம் உண்டு.

ஃபோல்டர் பெயரில் வருடம், மாதம், நாள், பிறகு நிகழ்ச்சி என்று வையுங்கள்: 2026-02-01 தைப்பூசம் என்பது போல. இப்படி வைத்தால் தானாகவே தேதி வரிசையில் நிற்கும். படங்கள் எப்போதும் இரண்டு இடத்திலாவது இருக்கட்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருப்பது நல்லது. தாழ்வான பகுதியில் வெள்ளம் ஏறும் தோட்டங்களில் இது வெறும் சடங்கு இல்லை. கல்யாணப் படங்களை ஒப்படைக்கும் வரை மெமரி கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.

எட்டாம் படி: திருத்தும் வரிசை

எந்த மென்பொருளாக இருந்தாலும் இந்த வரிசையில் போனால் குழப்பம் இருக்காது. சாய்வை நேராக்கி வெட்டுங்கள். லென்ஸ் திருத்தத்தை இயக்குங்கள். ஒயிட் பேலன்ஸைச் சரி செய்யுங்கள். பகல் வெளிச்சத்துக்கு 5500 கெல்வின் பக்கம், நிழலுக்கு 7000, பழைய மஞ்சள் குண்டு விளக்குக்கு 3000 என்று தொடங்கிப் பாருங்கள். அடுத்து மொத்த வெளிச்சம், அதன் பிறகு ஹைலைட் எனும் பிரகாசமான பகுதிகள், நிழல். அப்புறம்தான் நிறம். நிறத்தைத் தொட்ட பிறகு முகத்துக்கு மாஸ்க். நாய்ஸும் கூர்மையும் கடைசியில். ஒவ்வொரு படத்தையும் முடித்ததும் திருத்தும் முன், திருத்திய பின் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தால் அளவுக்கு மீறிப் போயிருப்பது கண்ணில் படும்.

கோபுரத்துக்குக் குறுக்கே போகும் மின்கம்பியை அழிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இல்லாத கூட்டத்தைச் சேர்ப்பது, காவடி எடுத்தவருக்குப் பின்னால் வேறு ஊர் வானத்தை ஒட்டுவது போன்ற செயற்கை நுண்ணறிவு வேலைகளை வழிபாட்டுப் படங்களில் செய்யாதீர்கள். தோட்டங்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் அந்தப் படம் ஓர் ஆவணம்.

ஒன்பதாம் படி: வெளியே அனுப்புவது

எக்ஸ்போர்ட் செய்யும்போது நிற வகையை எஸ்ஆர்ஜிபி என்றே வையுங்கள். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற வகையில் அனுப்பினால் பல கைப்பேசிகளிலும் படக்கடை இயந்திரங்களிலும் நிறம் செத்துப்போய்த் தெரியும். சமூக ஊடகத்துக்கு நீளப் பக்கம் 2048 பிக்சல் போதும். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருக்கிவிடும்.

அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிடுங்கள். 4ஆர் என்றால் 1800க்கு 1200, 8ஆர் என்றால் 3000க்கு 2400. இதில் ஒரு பொறி உண்டு. பெரும்பாலான கேமராப் படங்கள் 3:2 அளவில் இருக்கும், 4ஆரும் அதே அளவு. 8ஆர் 10க்கு 8 அங்குலம். கேமராப் படம் முழுவதும் அதில் அடங்காது, நீளத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும். குழுப்படத்தில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள்தான் போவார்கள். எடுக்கும்போதே ஓரத்தில் இடம் விட்டு எடுங்கள், மென்பொருளில் 5:4 அளவை வைத்து நீங்களே வெட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கொடுங்கள்.

சந்தாவை நிறுத்தும் நாள் வந்தால்

லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்த பின்னும் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். திருத்தும் பகுதியான டெவலப் பூட்டிக்கொள்ளும். அதனால் பதற வேண்டியதில்லை. இருந்தாலும் நிறுத்துவதற்கு முந்தைய வாரத்தில் நல்ல படங்கள் அனைத்தையும் முழு அளவு ஜேபெக்காக வெளியே எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். மிக முக்கியமான சிலவற்றை டிஃப் (TIFF) என்ற வடிவத்தில் 16 பிட்டிலும் எடுத்துக்கொள்ளலாம், கோப்பு பெரிதாக இருக்கும், ஆனால் வேறு எதில் திறந்தாலும் மேலும் திருத்தத் தோதாக இருக்கும். எல்லாவற்றுக்கும் எக்ஸ்எம்பி எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டார்க்டேபிள் லைட்ரூமின் எக்ஸ்எம்பியிலிருந்து வெட்டு, வெளிச்சம் போன்ற சில மாற்றங்களைப் படித்துக்கொள்ளும். மாஸ்க், நிற வேலை எல்லாம் அப்படியே வராது, அவற்றைப் புதிதாகச் செய்ய வேண்டும். ரா கோப்புகளை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.